நான் தட்டிய பிசிறு

எடை மேடையில் ஏற்றிய ஒவ்வொரு தடவையும் அது வேறு வண்டியாக இருந்தது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடை காட்டும் மேடை அது. முதல் பந்தயத்துக்கு முன்னால் முன்சக்கரம் இரண்டும் ஒரே எடை. பந்தயம் முடிந்து நாலாம் நாள் ஏற்றினால் இடது முன்சக்கரத்தில் ஒன்றே முக்கால் கிலோ கூடியிருந்தது, வலது பின்சக்கரத்தில் அதே அளவு குறைந்திருந்தது. மேடையில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றிப் பூட்டி, என் மச்சானை ஏற்றி நிறுத்திப் பார்த்து, அவன் தொப்பையைப் பற்றி ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். மேடை சரியாகத்தான் இருந்தது. வண்டிதான் தன் உடம்பை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்துக்கொண்டிருந்தது.

என் பெயர் சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக ஃபிட்டர். முதலாளி கோவிந்தராஜுலுவுக்குக் கார் பந்தயக் கிறுக்கு. கம்பெனிக்குப் பின்னால் இருந்த பழைய வார்ப்படக் கொட்டகையைச் சுத்தம் செய்து, அதில் ஒரு பந்தய அணி நடத்தினார். அணி என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முதலாளி, நான், ஓட்டுவதற்கு சஷ்டிகா, வண்டியின் கூட்டைச் செய்த டாக்டர் ஹெப்சிபா, அவ்வளவுதான். பந்தயத்தன்று டயர் மாற்ற ஆள் வேண்டுமென்றால் பம்பு அசெம்பிளியிலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவோம்.

மின்சாரக் கார்கள் ஓடும் பந்தயம் அது. எல்லா அணிக்கும் ஒரே மோட்டார், ஒரே பேட்டரி, ஒரே டயர். மற்றதையெல்லாம் தாங்கி நிற்கும் கூடு மட்டும் அவரவர் சாமர்த்தியம். எங்கள் சாமர்த்தியம் அதுவரை பதினாலு காரில் பன்னிரண்டாவதாக வருவதோடு நின்றிருந்தது.

ஹெப்சிபா ஊசி போடும் டாக்டர் இல்லை, உலோகம் படித்த டாக்டர். நாகர்கோவில்காரர். முதல் நாள் வந்தபோது கையில் ஒரு முழ நீளக் குழாய் வைத்திருந்தார். சாம்பல் நிறம். தட்டினால் இரும்பின் ஓசையும் இல்லை, மரத்தின் ஓசையும் இல்லை. இது என்ன சரக்கு என்று கேட்டேன்.

"உங்க வலது கையையே எடுத்துக்குங்க," என்றார். "முப்பது வருஷம் சுத்தியல் பிடிச்ச கை. அதுல எலும்பு இடது கையைவிடத் தடியா இருக்கும். எங்க பளு விழுதோ, அங்க எலும்பு தன்னைக் கெட்டியாக்கிக்கும். பளு இல்லாத எடத்துல கரைஞ்சுபோகும். இதுவும் அப்படித்தான்."

"இரும்பு வளருமுங்களா?"

"இது இரும்பு இல்ல. ஆனா வளரும். குழாய்க்குள்ள ஒரு திரவம் ஓடும், அதுதான் சாப்பாடு. ஓட்டத்துல எந்த எடம் ரொம்ப முறுகுதோ அங்க போய்ச் சேரும். சும்மா இருக்கிற எடத்துலருந்து எடுத்துக்கும். இப்ப நாம செய்யப்போறது ஒரு சாதாரணக் கூடுதான். அதை நல்ல கூடா ஆக்கறது ஓட்டற ஆளும் ரோடும்தான்."

நான் நம்பவில்லை. முதலாளி நம்பினார். அவர் எதையும் நம்புவார், அதனால்தான் பம்பு விற்க முடிகிறது. இவ்வளவு பெரிய சரக்கைக் கொண்டுவந்து ஏன் ஒரு பந்தயக் காரில் போடுகிறீர்கள் என்று மூன்று பேரில் ஒருவர்கூட டாக்டரிடம் கேட்கவில்லை.

பந்தயச் சங்கத்தின் விதிப் புத்தகத்தில், முதல் சோதனைக்குப் பிறகு கூட்டில் எதையும் ஒட்டவோ வெட்டவோ கூடாது, துடைக்கலாம், மெருகு போடலாம் என்று இருந்தது. கூடே தன்னை மாற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று எழுதவில்லை. யாருக்கு அப்படியெல்லாம் தோன்றும்? இரண்டு பந்தயம் முடிந்ததும் மற்ற அணிகள் கூச்சல் போட்டன. சங்கம் கூடிப் பேசி, இந்த சீசன் முடியும்வரை ஓடிக்கொள்ளட்டும், அடுத்த வருஷத்திலிருந்து தடை என்று தீர்த்துவிட்டது. ஆக எங்கள் வண்டிக்கு ஆயுளே ஆறு பந்தயம்.

சஷ்டிகாவுக்கு இருபத்து மூன்று வயது, உடுமலைப்பேட்டை. அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டாள். வண்டியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கும். ஓட்டுகிறவர்களுக்குக் கண்ணைவிட முதுகுதான் முக்கியம் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். திருப்பத்தில் பின்சக்கரம் நழுவப் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே நடுமுதுகுக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் இருக்கையில் பஞ்சு வைக்க விடமாட்டாள். வெறும் ஓடு, அதன் பின்னால் கூட்டின் குழாய், நடுவில் ஒரு மெல்லிய துணி.

முதல் பந்தயத்தில் பதினோராவது. பரவாயில்லை, ஒரு இடம் முன்னேற்றம் என்று சிரித்துக்கொண்டோம். பத்து நாள் கழித்து மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் நேராகப் பிடித்துப் பொருத்திய குழாய் நேராக இல்லை. இடது முன்பக்கம் திரண்டிருந்தது. அங்கிருந்து மெல்லிய நரம்புகள் கிளம்பி, வேப்பிலையின் அடியில் பார்ப்போமே அந்த மாதிரி பிரிந்து பிரிந்து பின்பக்கம் போயிருந்தன. எந்த நரம்பும் வீணாக இல்லை. ஒன்று எங்கே முடிகிறதோ அங்கே அடுத்தது தாங்கிக்கொண்டது. முப்பது வருஷம் எத்தனையோ வரைபடம் பார்த்த எனக்கு, இப்படி ஒன்றை எந்த மனுஷனும் வரைந்திருக்க முடியாது என்று உடனே தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அன்று மறுபடி பக்கத்தில் போனேன். அது பக்தியா பயமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தத் திரவத்துக்கு நாங்கள் கஞ்சி என்று பெயர் வைத்தோம். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் புனல் வைத்து அரை லிட்டர் ஊற்றுவேன். ஊற்றிவிட்டுக் காதை வைத்தால் உள்ளே கடுகு பொரிகிற மாதிரி சின்னச் சின்னச் சத்தம் கேட்கும். கம்பெனியில் பாதிப் பேர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு அதைக் கேட்க வருவார்கள். அக்கவுண்ட்ஸ் அம்மா ஒருவர் கேட்டுவிட்டுக் கண் கலங்கிப் போனார். ஏன் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றார்.

இரண்டாவது பந்தயம் சென்னைப் பக்கம். எட்டாவது சுற்றில் சஷ்டிகா ஒரு திருப்பத்தில் ஓரக்கல் மேல் பலமாக ஏறி இறங்கினாள். வண்டி ஓர் அடி எழும்பி விழுந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தோம். சக்கரம் தாங்கியது. ஐந்தாவதாக வந்தாள். முதலாளி அன்று ஆடிய ஆட்டத்தை அவர் பேரன் படம் பிடித்து வைத்திருக்கிறான்.

அதற்கு அடுத்த வாரம்தான் இருக்கைக்குப் பின்னால் அந்தப் பிசிறைப் பார்த்தேன். நடுக்குழாயில், ஓட்டுகிறவளின் இடுப்புக்கு நேராக, இரண்டு விரல் அகலத்துக்குச் சொரசொரப்பாக ஒரு மேடு. வரைபடத்தில் அந்த இடத்தில் எந்தப் பளுவும் கிடையாது. மற்ற நரம்புகளின் ஒழுங்கு எதுவும் அதில் இல்லை, கன்னாபின்னாவென்று முளைத்திருந்தது.

ஒரு ஃபிட்டரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோயமுத்தூரில் வேலை பழகினவன் எவனும் பிசிறோடு ஒரு சாமானைக் கையைவிட்டு அனுப்பமாட்டான். வார்த்ததோ கடைந்ததோ, ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பான். உறுத்தினால் கை தானாக அரத்தைத் தேடும். என் வீட்டில் பூட்டு, கொண்டி, மனைவியின் இட்லித் தட்டு வரைக்கும் அரத்தால் ராவிப் பிசிறு தட்டி வைத்திருக்கிறேன். அன்றும் யோசிக்கவே இல்லை. அரைவட்ட அரத்தை எடுத்து, அந்த மேட்டை வழவழவென்று ஆக்கிவிட்டு, திருப்தியாக டீ குடிக்கப் போனேன். மெருகு போடலாம் என்று விதியும் இருந்தது.

மூன்றாவது பந்தயத்தில் இரண்டாவது இடம். பிசிறு மறுபடி வந்திருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் உயரமாக. தட்டினேன். நான்காவதில் ஜெயித்தோம். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி பிசிறு. வம்புக்கு நிற்கிறது என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. தட்டினேன். துகளை மட்டும் டாக்டரின் சரக்காயிற்றே என்று ஒரு காபி டப்பாவில் சேர்த்து வைத்தேன்.

அந்த நாட்களில் சஷ்டிகா ஷூ நாடா கட்டக் குனிவதில்லை. காலை டயர் மேல் தூக்கி வைத்துக் கட்டுவாள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பந்தயக்காரி என்ற மிதப்பு என்று நான் கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

ஐந்தாவது பந்தயத்தை அவள் ஓட்டிய விதத்தைப் பார்த்த யாரும் மறக்கமாட்டார்கள். அதற்குள் வண்டி அவளைப் படித்துவிட்டிருந்தது. எந்தத் திருப்பத்தில் எவ்வளவு சாய்வாள், எங்கே பிரேக் மிதிப்பாள் என்பதெல்லாம் அந்த நரம்புகளில் இருந்தது. மற்ற கார்கள் திருப்பத்தில் திணறித் திரும்பின. எங்களுடையது தண்ணீர் வாய்க்காலில் திரும்புகிற மாதிரி திரும்பியது. பதினோரு நொடி இடைவெளியில் ஜெயித்தாள். எதிர் அணி மெக்கானிக்குகள் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரம் வந்து நின்று பார்த்தார்கள். கடைசிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தாலே பட்டம் எங்களுக்கு என்ற நிலை.

மறுவாரம் டாக்டர் ஆராய்ச்சிக்காகக் கொஞ்சம் துகள் கேட்டார். நான் பெருமையாகக் காபி டப்பாவை நீட்டினேன். இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். இருக்கைக்குப் பின்னால் ஒரு பிசிறு விடாமல் வளர்வதையும், நான் விடாமல் தட்டுவதையும், அன்று காலையோடு நான்காவது தடவை என்பதையும் சொன்னேன். அவர் டப்பாவைக் கீழே வைத்தார். இருக்கையைக் கழற்றச் சொல்லி, குழாயில் அரம் பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் சஷ்டிகாவுக்கு ஃபோன் போட்டு, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்து முதுகைப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

படம் வந்தது. முதுகெலும்பில், இடுப்புக்கு மேலே ஓர் எலும்பில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. அது ஓர் ஓரத்திலிருந்து கிளம்பி உள்ளே போய்க்கொண்டிருந்தது. எலும்பு டாக்டர், இது இரண்டு மூன்று மாதப் பழசு, இதை வைத்துக்கொண்டு எப்படி நடமாடினாள் என்று ஆச்சரியப்பட்டார். இன்னொரு பலமான குலுக்கல் போதும், கோடு முழுதாகப் பிளக்கும், பிளந்தால் கால் இரண்டும் போய்விடும் என்றார்.

கொட்டகைக்குத் திரும்பியதும் ஹெப்சிபா அந்தப் படத்தைக் குழாய் மேல் வைத்துப் பிடித்தார். என் அரம் பட்ட இடமும் அந்தக் கோடும் நேருக்கு நேர் இருந்தன. கோடு சாய்ந்த பக்கமே மேட்டின் அடித்தடமும் சாய்ந்திருந்தது.

"கூட்டுக்குத் தான் எது, ஆள் எதுன்னு தெரியாது சென்னியப்பன்," என்றார். "பளு போற பாதை மட்டும்தான் தெரியும். அந்தப் பாதை இவ முதுகு வழியாவும் போகுது. இவ எலும்பு எப்பத் தாங்க முடியாமத் தளர்ந்துச்சோ, அப்பவே இது அந்தப் பளுவை வாங்கிக்க ஆரம்பிச்சிருக்கு. இவளுக்கு ஒரு எலும்பு வளர்த்திருக்கு."

நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். நான்கு தடவை. நான்கு தடவையும் வழவழப்பாக இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு பொண்ணு நடக்கட்டும் என்று அது முட்டு கொடுக்கக் கொடுக்க, நான் அதை அரத்தால் தட்டித் தட்டி அந்தப் பளுவைத் திரும்ப அவள் முதுகிலேயே ஏற்றியிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

டாக்டரும் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். அந்தச் சரக்கை அவர் முதலில் உருவாக்கியதே மனுஷ எலும்புக்காகத்தானாம். மனுஷர் மேல் சோதிக்க அனுமதி கேட்டு எட்டு வருஷம் காத்திருந்தாராம். எங்கேயாவது அடிபட்டு ஓடிக் காட்டினால் நம்புவார்கள் என்று காருக்குக் கொண்டுவந்தாராம். "மனுஷங்க மேல சோதிக்கக் கூடாதுன்னுதான் கார்ல போட்டேன். கார்ல ஒரு மனுஷி உக்காந்திருப்பாங்கிறது என் கணக்குலயே இல்ல," என்றார்.

முதலாளி ஒரே பேச்சாக வண்டி வெளியே வராது என்றார். சஷ்டிகா ஒத்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு வண்டி இனிமேல் கிடையாது, அடுத்த வருஷம் தடை, இதற்கு முன்னால் தன்னை யாருக்கும் தெரியாது, இதற்குப் பிறகும் யாருக்கும் தெரியாது என்றாள். வலியை மறைத்தது தப்புதான், ஆனால் சொல்லியிருந்தால் இரண்டாவது பந்தயத்தோடு இறக்கிவிட்டிருப்பீர்கள் இல்லையா என்று கேட்டாள். எலும்பு டாக்டர் மூன்று மாதம் படுக்கை என்று எழுதிக் கொடுத்திருந்ததை அவள் எங்கள் கண் முன்னால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஹெப்சிபா ஒரு வழி சொன்னார். பந்தயத்துக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. பிசிறை வளர விடுவது. தினமும் இரண்டு மணி நேரம் சஷ்டிகாவை வண்டியில் உட்காரவைத்து எடை மேடையில் வண்டியை மெதுவாக அசைப்பது. அவள் முதுகில் இறங்கும் பளுவை ஒரு கருவி காட்டும். டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து போகும் அளவுக்குக் குறைந்தால்தான் வண்டி வெளியே வரும். ஒரு புள்ளி கூடினாலும் கிடையாது. அந்த அளவைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

அந்த இருபத்து நான்கு நாளும் நான் பார்த்ததை வேறு யாரிடமாவது சொன்னால் குடித்திருக்கிறேன் என்பார்கள். முதல் வாரம் மேடு மட்டும் உயர்ந்தது. இரண்டாவது வாரம் அதிலிருந்து இரண்டு பக்கமும் விலா மாதிரி வளைந்து வந்தது. அவள் மூச்சு இழுக்கும்போது விரியவும் விடும்போது சுருங்கவும் இடம் விட்டு வளைந்தது. மூன்றாவது வாரம் முதுகு முழுக்க ஒரு கை வைத்துத் தாங்குகிற மாதிரி ஆனது. கூட்டின் மற்ற இடங்களிலிருந்து, முன்பக்கத்தில் அத்தனை அழகாக ஓடிய நரம்புகளிலிருந்துகூட எடுத்து எடுத்து இங்கே கொண்டுவந்து சேர்த்தது. கருவியில் எண் நாளுக்கு நாள் இறங்கியது. இருபத்து இரண்டாம் நாள் அந்த டவுன் பஸ் அளவுக்குக் கீழே வந்துவிட்டது.

பந்தயத்துக்கு முதல் நாள் காலை, மற்றவர்கள் டிபனுக்குப் போயிருந்தபோது, சஷ்டிகா என்னிடம் வந்தாள்.

"ஏனுங்ணா, கொஞ்சம் தட்டி உடுங்ணா," என்றாள். "ஒரே ஒரு நூல் போதும். இது இருந்தா வண்டி பேசறது எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. பின்னாடி நழுவுனாக்கூடத் தெரியறதில்ல. இதோட போனா நாலாவதுகூட வர முடியாதுங்ணா."

"முடியாது அம்மிணி."

"நாலு தடவ நானு கேக்காமயே தட்டுனீங்களே. இப்ப நானே கேக்கறன்."

"அதனாலதான் முடியாதுங்கறன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்கப்புறம் பந்தயம் முடியும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கண்ணெதிரே அரப்பெட்டியைப் பூட்டி, சாவியை முதலாளியிடம் கொடுத்தேன். அவளைவிட எனக்கு என் கை மேல்தான் நம்பிக்கை இல்லை.

பந்தயம் மத்தியானம் இரண்டு மணிக்கு. சஷ்டிகா மூன்றாவதாகக் கிளம்பினாள். முதல் ஆறு சுற்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பார்க்கிற எங்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. போன பந்தயத்தில் கத்தியால் கீறின மாதிரி திரும்பிய வண்டி, இன்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்பியது. ஓரக்கல்லில் ஏறும்போது கூடு முழுதும் மெதுவாக ஒரு தடவை வளைந்து நிமிர்ந்தது. கருவியின் எண் என் கையிலிருந்த திரையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை அவள் வேண்டுமென்றே கல்லின் உயரமான இடத்தில் ஏற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது எண் அசையக்கூட இல்லை.

பதினெட்டாவது சுற்றில் புனே அணிக்காரன் அவளைத் தாண்டினான். நான்காவதாக வந்தாள். பட்டம் போய்விட்டது.

வண்டியை நிறுத்திவிட்டுத் தானாகவே எழுந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அது என்னயக் கேக்கவே இல்லீங்ணா," என்றாள். "நானு போ போன்னு மிதிக்கறன். அது எனக்குன்னு கொஞ்சம் எடுத்து வெச்சுட்டு, மீதியத்தான் ரோட்டுக்குக் குடுக்குது."

கோபமா, ஆச்சரியமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். ஹெப்சிபா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாது, பட்டம் தெரியாது, எங்கே தாங்க முடியவில்லையோ அது மட்டும்தான் தெரியும் என்று சொன்னார். டாக்டர் படித்தவர், அவருக்கு அது ஒரு விதி. எனக்கு அந்த வண்டியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. அத்தனை பேர் பார்க்கும்போது கூச்சமாக இருந்ததால் டயரைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தடை அமலுக்கு வந்தது. ஓடாத வண்டிக்குப் பளு இல்லை, பளு இல்லாவிட்டால் கூடு தன்னையே கரைத்துக்கொள்ளும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் முதல் வேலையாக அந்த முதுகுப் பகுதியை மட்டும் இரம்பத்தால் அறுத்து எடுத்தேன். வெளியில் கட்டிக்கொள்ளும் பட்டைக்கு யார் அனுமதியும் வேண்டியதில்லை என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். துணியும் வாரும் வைத்துத் தைத்து சஷ்டிகா அதைச் சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டாள். ஊசிக் குழாயில் தினமும் நாலு சொட்டுக் கஞ்சி. மிச்ச வண்டி கொட்டகையில் நின்றது. பொங்கலுக்குள் குழாய்கள் பென்சில் கனத்துக்கு வந்துவிட்டன. சித்திரையில் ஒரு காலையில் போய்ப் பார்த்தால், கூடு மடிந்து, வண்டி நான்கு சக்கரங்களுக்கு நடுவில் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்திருந்தது.

மாதம் ஒருமுறை உடுமலைப்பேட்டைக்குப் போய் அந்தப் பட்டையை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிவைப்பது என் வேலை. முதல் இரண்டு மாதம் ஆறு மில்லிமீட்டர், அசையவில்லை. மூன்றாம் மாதம் ஐந்தே கால். நான் அளந்ததில்தான் தப்பு என்று மறுபடி அளந்தேன். அடுத்த மாதம் நாலரை. வண்டி செத்த மாதிரி இதுவும் சாகிறது, இனி அவள் முதுகை யார் தாங்குவது என்று நினைத்தேன். அவளிடம் காரணம் சொல்லாமல் தினமும் எட்டுச் சொட்டுக் கஞ்சி விடச் சொன்னேன், பிறகு ஃபோனில் அதைப் பத்தாக்கச் சொன்னேன். அடுத்த மாதம் மூன்று. அன்று அவள் வீட்டு வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, அங்கிருந்து ஹெப்சிபாவுக்கு ஃபோன் போட்டு, எல்லாம் என் அரத்தால் வந்த வினை, அது நம்மைக் கைவிட்டுவிட்டது என்று புலம்பினேன்.

அவர் முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அது எப்பக் குறையும் சென்னியப்பன்? பளு குறைஞ்சாத்தானே? தினமும் கட்டிக்கிட்டு நடக்கிறா, ஓடியாடுறா. அப்ப அந்தப் பளுவெல்லாம் எங்க போகுது? அவ எலும்பு வாங்கிக்குது. அது போகலை, திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கு."

பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ்ஸில் ஏறினேன் என்று நினைவில்லை. பொள்ளாச்சியில் இறங்கி மாறி வந்தேன் என்று மட்டும் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு மாதமும் குறைவதற்காகவே போனேன். இரண்டு. ஒன்று. அரை. கடைசியில் அப்பளத்தைவிட மெல்லிசாக, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, சஷ்டிகா வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயின் மாட்டிக்கொண்டிருந்தாள். குனிந்துதான் மாட்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு என் முன்னால் நின்றாள்.

வாரை விரித்தேன். துணி மட்டும் இருந்தது. இருந்தாலும் வேலை என்றால் வேலை, மைக்ரோமீட்டரை எடுத்து, அது இருந்த இடத்தில் வைத்துத் திருகினேன். திருகத் திருக உள்ளே போய், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டு நின்றன.

"எவ்வளவுங்ணா?" என்றாள், திரும்பாமலே.

முப்பது வருஷத்தில் எத்தனையோ அளவு படித்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் முனைகளைப் பிரித்து மறுபடி ஒருமுறை திருகிப் பார்த்தேன். அவள் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் சொன்னேன்.

"சைபர் அம்மிணி."